சந்தேகம் முடிவெடுக்கும் முன்: வாடகை வீட்டைக் காலி செய்வோருக்கு

கோலாலம்பூரில் வாடகைக்குக் குடியிருப்போர் பலருக்கும் தெரிந்த பழக்கம் ஒன்று உண்டு: காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல், டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்வது. பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் வீட்டுக்கார அக்காவுக்கு அப்படி ஒரு செய்தி அனுப்பினேன். அவர் என்னிடம் ஒரு காசுகூட ஏமாற்றியவர் அல்லர். முந்தைய வீட்டில் டெபாசிட்டைப் பறிகொடுத்த கோபம்தான் என்னை அப்படி எழுத வைத்தது. வாடகை விளம்பரங்களில் "இந்தியர்களுக்கு இல்லை" என்ற வரியைக் கண்டு கொதித்திருக்கிறேன். யாரோ செய்த தவறுக்கு வேறொருவரைத் தண்டிக்கும் அதே வேலையை நானும் செய்கிறேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், பொது நிதிக்குப் பணம் போடும்போது மற்றவர்கள் போடும் அளவுக்கேற்பத் தங்கள் பங்கைக் கூட்டிக் குறைத்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். "அவன் போடமாட்டான்" என்று நினைத்துவிட்டால் கையை இழுத்துக்கொள்பவர்கள். அந்த நினைப்பு தவறாக இருந்தால் ஒரு நல்ல மனிதர் காரணமே இல்லாமல் தவறு செய்துவிடுகிறார்.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, இந்த மனிதர் செய்ததாக நீங்களே கண்டதை இடப்பக்கத்திலும், செய்வாரோ என்று அஞ்சுவதை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். என் தாளின் இடப்பக்கத்தில் இருந்தது ஒரே வரி: குழாய் கசிந்த மறுநாளே ஆள் அனுப்பினார். வலப்பக்கம் நிறைந்திருந்தது, அதில் பாதி, பழைய வீட்டுக்காரரைப் பற்றியது. பிறகு, பணம் கட்டாயம் திரும்பி வரும் என்று தெரிந்தால் இதைச் செய்வேனா என்று உங்களையே கேளுங்கள். மாட்டேன் என்பது பதிலானால், அந்தச் செயல் தவறு என்பது உங்களுக்கு முன்பே தெரியும். சந்தேகம் அதற்கு அனுமதிச் சீட்டாக மட்டுமே இருக்கிறது.

இதற்காக ஏமாளியாக இருக்கவேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்கு அநீதி செய்யாமலே உங்களைக் காக்கும் வழிகளைத் தேடுங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், மீட்டர் ஆகியவற்றைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள், ஏனெனில் முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பணம் வராமலே போனால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்கு தொடுக்கலாம். இடப்பக்கம் உண்மையிலேயே வீட்டுக்காரர் செய்த தவறுகளால் நிறைந்திருப்பவர்களுக்கும் இந்த வழிகளே போதும்.

வாடகையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், காரணத்தை மறைக்காமல் சொல்லி உடனே கட்டிவிடுங்கள். நான் அனுப்பிய இரண்டாவது செய்தி இது: "அக்கா, பழைய வீட்டில் பட்ட அடியால் அப்படி எழுதிவிட்டேன், மன்னியுங்கள். வாடகையை இன்று போட்டுவிட்டேன். 28ஆம் தேதி வீட்டைச் சேர்ந்து பார்த்துவிடலாமா?"