கனவில் இல்லாததைப் படத்தில் சேர்க்காதீர்கள்

கனவை வரைய வேண்டும் என்று என் வகுப்புக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். நான் விழுந்து எழுந்த அதே பள்ளங்கள். தலைமாட்டில் நோட்டு வைப்பது, எழுந்ததும் குறித்துக்கொள்வது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டைகளை அடைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கனவு ஒரு பொருளை மூக்கருகே கொண்டுவந்து காட்டும். அதன் பக்கத்தில் சுவரா, வெளியா என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாத அந்த இடத்தைப் பொறுக்கமாட்டாமல் நிரப்பிவிடுகிறார்கள்.

பாட்டி வீட்டு அடுக்களைக்குள் கிணறு இருப்பதாக ஒரு மாணவி கனவு கண்டார். விடிந்ததும் காலண்டர் தாளின் பின்புறம் பேனாவால் கிறுக்கியிருந்தார்: விளிம்புவரை தண்ணீர், பாதி மூழ்கிய அம்மிக்கல், ஒரே ஒரு சுவர். மற்ற பக்கமெல்லாம் வெறும் தாள். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவே பெரிய கேன்வாஸில் எண்ணெய் வண்ணமாக வந்தபோது ராட்டினம், கயிறு, குடம் எல்லாம் முளைத்திருந்தன. செல்போனில் தேடிய படங்களைப் பார்த்துப் போட்டவை. ஜன்னலில் நிலா வேறு. "கனவில் நிலா இருந்ததா?" என்றேன். "இல்லை சார், அங்கே ஒன்றுமே இல்லை. வெறுமையாக இருக்கிறதே என்று போட்டேன்" என்றார். அந்த வெறுமைதான் என்னை உலுக்கியது, அதையே மூடிவிட்டார். காயாத வண்ணத்தின்மேல் திருத்தப்போய் எல்லாம் கலங்கிச் சேறானது. கேன்வாஸ் போனால் போகட்டும். ராட்டினம் வைத்த கிணறுதான் இப்போது அவர் நினைவிலும் நிற்கிறது.

1525ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், வானத்திலிருந்து பெருநீர் கொட்டுவதாகக் கனவு கண்டு நடுங்கி விழித்தார். காலையில் அதை நீர்வண்ணத்தில் தீட்டினார். முயலின் ரோமத்தை ஒவ்வொன்றாக வரைந்த கை அது. ஆனாலும் இந்தத் தாளில் நடுவே ஒரு கனத்த நீர்த்தூண், சுற்றிலும் இறங்கும் கறைகள், அடியில் சிறுசிறு மரங்கள், அவ்வளவுதான். முதல் நீர் சுமார் நான்கு மைல் தள்ளி விழுந்ததையும் அதன் பேரிரைச்சலையும் படத்தில் திணிக்காமல் கீழே எழுதிவைத்தார்.

நீங்களும் கேன்வாஸைத் தொடுமுன், விடியற்காலைக் குறிப்பில் கண்டதை ஒரு நிறத்திலும் யூகித்ததை இன்னொரு நிறத்திலும் பென்சிலால் சுற்றிவிடுங்கள். இரண்டாம் நிறம் கேன்வாஸுக்குப் போகக்கூடாது.

உருகும் கடிகாரம், இறக்கை, மிதக்கும் மீன்

உங்கள் கனவில் வந்திருந்தால் மட்டும்.

கனவுப் பலன் பார்ப்பது

படம் முடியட்டும்.

பழகிய வண்ண வகையைவிட்டு நகராமை

அமெரிக்கக் கொடியை வரைவதாக 1954இல் கனவு கண்ட அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ், அதை முதலில் எனாமல் பெயின்டில்தான் தொடங்கினார். அது காயத் தாமதமானதால் உருக்கிய மெழுகில் நிறமி கலந்து தீட்டினார். ஒவ்வொரு தூரிகைத் தடமும் சட்டென உறைந்து தனித்தனியாக நின்றது. தண்ணீர் வந்த கனவை அக்ரிலிக் வண்ணத்தில் கெட்டியாகப் பூசுகிறவர்கள், ஈரத்தாளில் நீர்வண்ணத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கட்டும்.