தக்காளி நாற்றை சூடோமோனாஸ் கரைசலில் நனைப்பது எப்படி? (நான் கோட்டைவிட்ட படியோடு)

தக்காளிச் செடி காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகித் தொங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மறுபக்கம் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். அடித்தண்டைச் சாய்வாகச் சீவிப் பார்த்தால் தோலுக்கு உள்ளே பழுப்பாக ஒரு வளையம் தெரியும். ஃபியூசேரியம் பூஞ்சை நீர்க்குழாய்க்குள் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பூஞ்சை குழாயை அடைப்பதோடு நிற்காது. ஃபியூசாரிக் அமிலம் என்ற நச்சையும் கக்கும். அது செல் சவ்வைக் கெடுப்பதால் இலைக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் திராணி போய்விடும். அந்தக் கட்டத்தில் எதை ஊற்றினாலும் தாமதம்தான். ஆகவே இந்தப் பதிவு முழுக்க நடவுக்கு முந்தைய வேலை பற்றியது: பூஞ்சை வருவதற்குள் வேரில் நமக்கு வேண்டிய பாக்டீரியாவைக் குடிவைப்பது.

நான் பயன்படுத்துவது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் இது முந்திக்கொள்ளும். மண்ணில் இருக்கும் இரும்பைக் கவ்வி எடுக்க ஒரு பொருளைச் சுரக்கும். அது புறஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும், பெயரில் ஃப்ளூரசன்ஸ் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். சில ரகங்கள் பூஞ்சைக்கு ஆகாத ஆன்டிபயாடிக்குகளையும் உண்டாக்கும். செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடுவதும் உண்டு.

நச்சையே நேரடியாக உடைக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. கரும்பில் வெள்ளைக் கோடு விழவைக்கும் அல்பிசிடின் என்ற நச்சை, பாண்டோயா டிஸ்பெர்சா என்ற பாக்டீரியாவின் நொதி செயலிழக்கச் செய்வதை 1997இல் காட்டினார்கள். நம் கையில் இருக்கும் பாக்கெட் அந்த வகை இல்லை. இது நச்சை முறிக்கும் மருந்து அல்ல, நச்சு கக்குபவனை வாசலிலேயே மறிக்கும் காவல்காரன்.

படி 1: பாக்கெட்

டால்க் பவுடரில் கலந்து வருவதை வாங்குங்கள். ஒரு கிராமில் 10 கோடி உயிருள்ள செல்களாவது இருப்பதாக உறையில் போட்டிருக்க வேண்டும். காலாவதி தேதியை விட தயாரித்த தேதிதான் எனக்கு முக்கியம். சூடோமோனாஸ் வித்துகளை (ஸ்போர் எனப்படும், உறங்கிக் கிடக்கும் செல்களை) உண்டாக்காது, சூட்டிலும் வறட்சியிலும் சீக்கிரம் செத்துவிடும். வெயில் அடிக்கும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் வைத்துத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் பேசில்லஸ் சப்டிலிஸ் வாங்குங்கள். வித்துகளாக உறங்குவதால் நீண்ட நாள் தாங்கும்.

படி 2: விதை நேர்த்தி

கிலோ விதைக்கு 10 கிராம். விதையை லேசாக ஈரமாக்கிப் பொடியைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் கொஞ்சம் மாவுப் பசை சேர்க்கலாம், நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வரும் விதை ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி தடவியதாக இருக்கலாம். அந்த விதைக்கு இந்தப் படியை விட்டுவிட்டு, நாற்றான பிறகு நனைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தண்ணீர் (நான் கோட்டைவிட்டது இங்கேதான்)

முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தேன். புதுப் பாக்கெட், சரியான அளவு, சரியான நேரம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசையை மட்டும் நனைக்காமல் நட்டிருந்தேன். கடைசியில் நனைத்த வரிசையும் நனைக்காத வரிசையும் ஒன்றுபோலவே வாடின. பொடி போலி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கோளாறு வாளியில் இருந்தது. குழாயைத் திறந்து, நுரைத்து வந்த தண்ணீரில் அப்படியே பொடியைக் கொட்டிக் கலக்கியிருக்கிறேன். மூக்கை வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே குளோரின் வாடை அடித்திருக்கும். கிருமியைக் கொல்லத்தானே குளோரின் போடுகிறார்கள்? நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அதற்குத் தெரியாது.

அப்புறம் இப்படித்தான் செய்கிறேன். மழைத்தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ இருந்தால் யோசனையே வேண்டாம். குழாய்த் தண்ணீர்தான் என்றால் வாய் அகன்ற தொட்டியில் பிடித்து, திறந்தபடி ஒரு நாள் முழுக்க வைத்து, நடுவில் இரண்டு மூன்று தடவை கலக்கிவிடுங்கள். குறுகிய வாய்க் குடத்தில் வைத்தால் குளோரின் வெளியேற நேரமாகும். அவசரமென்றால் நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கலக்கி ஒரு மணி நேரம் விடுவேன். மட்கோடு வினைபுரிந்து குளோரின் தீர்ந்துபோகும்.

பாத்திரம் பிளாஸ்டிக் தொட்டியாக இருக்கட்டும். செம்பு, பித்தளை வேண்டவே வேண்டாம், செம்பும் பாக்டீரியாவுக்கு எமன். காப்பர் மருந்து அடித்த ஸ்பிரேயரையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, இதற்கென்றே தனியாக ஒன்று வைத்திருக்கிறேன்.

படி 4: நனைத்தல்

லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொடி, அதில் நாற்றின் வேர் 30 நிமிஷம் நனைய வேண்டும். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொடி காற்றில் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். டால்க் அடியில் படியும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குச்சியால் கிளறிவிடுங்கள். குழித்தட்டு நாற்றாக இருந்தால் வேர்க்கட்டியை உடைக்க வேண்டாம். தட்டின் அடிப்பாகம் மூழ்கும்படி வைத்தால் கட்டி தானே உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலம் நடுங்கள். மீந்த கரைசலை அன்றே நட்ட செடிகளின் அடியில் ஊற்றிவிடுங்கள், நாளைக்கென்று எடுத்துவைக்க வேண்டாம்.

படி 5: மண்

ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து ஈர மண்ணில் தூவுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் வீண். காப்பர் மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் கூடவே போகக் கூடாது, நான் ஒரு வாரமாவது இடைவெளி விடுவேன்.

பின்சேர்க்கை 1: "ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தும் பலனில்லை" என்று இருவர் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார்கள். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அது அவ்வளவு லேசில் ஆவியாகாது. வாளிக்கு ஒரு சிட்டிகை வைட்டமின் சி பொடி போட்டால் இரண்டுமே முறியும்.

பின்சேர்க்கை 2: துத்தநாகம் (ஜிங்க்) இருந்தால் சூடோமோனாஸ் நன்றாக வேலை செய்யுமாமே என்று கேட்டவருக்கு: விஷயம் உண்மைதான். ஃபியூசாரிக் அமிலம் செடியை மட்டும் தாக்குவதில்லை. சூடோமோனாஸ் தன் ஆன்டிபயாடிக்கைத் தயாரிப்பதையும் தடுத்துவிடும். துத்தநாகம் இருந்தால் பூஞ்சை அந்த அமிலத்தைச் சுரப்பது குறைகிறது என்று தக்காளியில் செய்த ஆய்வு ஒன்று, அதுவும் 1997இல்தான், வெளிவந்தது. அதற்காக ஜிங்க் சல்பேட்டை அள்ளிப் போட்டால் வேர் கருகும். மண் பரிசோதனையில் பற்றாக்குறை தெரிந்தால் மட்டும், சொன்ன அளவில் போடுங்கள்.

பின்சேர்க்கை 3: மஞ்சளாகாமல் பச்சையாகவே செடி திடீரென்று துவண்டதாக ஒருவர் படம் அனுப்பியிருந்தார். தண்டை வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடச் சொன்னேன். சில நிமிஷத்தில் பால் போல ஒரு இழை இறங்கியதாம். அப்படியானால் அது பாக்டீரியா வாடல், ஃபியூசேரியம் இல்லை. எதுவாக இருந்தாலும், வாடிய செடிக்கு மீதிக் கரைசலை ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.