ஃப்ளோரசன்ட் மஞ்சள் அடிக்கும் முன்

ரேஸ் பைக் ஃபேரிங்கில் (பைக்கின் வெளி உறையில்), முன்னாள் பைக் ரேஸ் வீரர் வாலன்டினோ ரோஸியின் 46-ஆம் நம்பர் மாதிரி ஃப்ளோரசன்ட் மஞ்சள் கண்ணைப் பறிக்க வேண்டுமா? அடியில் வெள்ளை பேஸ் கோட் கட்டாயம். இந்த வகைப் பெயின்ட் அடி நிறத்தை முழுசாக மறைக்காது. சாம்பல் பிரைமர் (முதல் பூச்சு) மேல் நேராக அடித்தால் மங்கலாகத்தான் தெரியும். வெயிலிலும் சீக்கிரம் வெளுக்கும் என்பதால், மேலே யூவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டும்.

அதுவும் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் டூ-கே, அதாவது இரண்டு பாகக் கிளியராக இருக்கட்டும். சாதாரண ஸ்ப்ரே கேன் கிளியர், பெட்ரோல் பட்டால் டேங்க் மூடியைச் சுற்றி இளகிவிடும். ஹார்டனரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, துணி மாஸ்க்கெல்லாம் போதாது. ஸ்ப்ரே பூத் உள்ள பெயின்டரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

அப்புறம், ஸ்பான்சர் ஸ்டிக்கரைக் கிளியருக்கு மேலேயே ஒட்டுங்கள். அடுத்த சீசனில் ஸ்பான்சர் மாறினால் உரித்துக்கொள்ளலாம்.