பழைய புல்லட்டில் ஆர்பிஎம் மீட்டரும் வோல்ட் மீட்டரும் மாட்டுவது எப்படி?

ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் உருவான காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350-இன் ஹெட்லைட் டூமில் (ஹெட்லைட்டைத் தாங்கும் கூட்டில்) ஸ்பீடோமீட்டரும் ஆம்ப் மீட்டரும் இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது, பேட்டரிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்பதை அவை சொல்லாது. கடையில் கிடைக்கும் 60 மி.மீ. எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டர் ஒன்றும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றும் வாங்கி அரை நாளில் மாட்டிவிடலாம். பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சிறிய கான்டாக்ட் மூலம் ஸ்பார்க் தரும் முறை) உள்ள 12 வோல்ட் புல்லட்டுக்கான செய்முறை இது.

மீட்டர் வாங்கும் முன்

பேட்டரியைப் பாருங்கள். 6 வோல்ட் என்றால் இந்த மீட்டர்கள் ஓடாது. அடுத்து, பேட்டரியின் எந்த முனை பிரேமுக்குப் போகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் போனால் நல்லது. மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். அதில் மாட்டினால் மீட்டரின் இரும்பு உடம்பு பிரேமில் பட்டதுமே ஷார்ட் ஆகும். அப்படிப்பட்ட வண்டியில் முதலில் வயரிங்கை மாற்ற வேண்டும். மீட்டர் வேலை அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, பல்ஸ் கணக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மீட்டருக்கு வரும் மின்துடிப்பின் கணக்கு. மீட்டர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் நல்ல மீட்டர்களும் உண்டு, இந்தக் கணக்கு தெரியாததால். புல்லட் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக். பாயிண்ட்டைத் திறந்து மூடும் கேம், கிராங்கின் (இன்ஜினின் முக்கியத் தண்டு) பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு ஸ்பார்க். அதாவது ஒரு சுற்றுக்கு 0.5 பல்ஸ். மீட்டரில் இந்த அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கார் மீட்டர்கள் நான்கு சிலிண்டருக்கு ஏற்றவை, அதாவது சுற்றுக்கு 2 பல்ஸ்; அதை மாட்டினால் 1,000 சுற்றில் ஓடும் புல்லட்டுக்கு 250 என்று காட்டும். ஜாவா, யெஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு 1 பல்ஸ் அமைப்பு.

ஸ்கேல் 8,000 வரை இருந்தால் போதும். இந்த இன்ஜின் உச்ச சக்தியைத் தருவதே 5,625 சுற்றில்தான். 12,000 வரை எண் போட்ட டயலில் பாதிக்கு மேல் முள் போகவே போகாது. சின்ன மாற்றங்களும் கண்ணில் படாது.

தேவையானவை

0.5 சதுர மி.மீ. வயர் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் தலா 2 மீட்டர், ஹோல்டருடன் 1 ஆம்ப் பியூஸ், 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, கிரிம்ப் டெர்மினல், ஹீட் ஷ்ரிங்க் குழாய், 22 மி.மீ. ஹேண்டில்பார் கிளாம்ப் இரண்டு, ரப்பர் புஷ், எம்6 நைலாக் நட்டு, மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

பொருத்துதல்

டூமில் துளை போடாதீர்கள். துளை வழியே தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும், பழைய டூமுக்கு உள்ள மதிப்பும் போய்விடும். ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு, பிராக்கெட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு நேராக ஏறினால் முள்ளின் அச்சும் உள்ளே உள்ள சால்டரும் சில மாதத்தில் விட்டுப்போகும். நட்டை ரப்பர் நசுங்கும் அளவுக்கு முடுக்கினால் புஷ் வைத்தும் பயனில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, மீட்டர் டேங்கிலோ கிளட்ச் கேபிளிலோ இடிக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங்

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள்.

கறுப்பு வயரை ஹேண்டில்பாரில் எர்த் செய்யாமல், பின்னால் கொண்டுபோய் பேட்டரி நெகட்டிவிலேயே சேருங்கள். ஹேண்டிலுக்கும் பிரேமுக்கும் நடுவே கிரீஸ் தடவிய கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இருக்கிறது; அதன் வழியே வரும் எர்த் ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் விட்டுவிட்டு வரும்.

சிவப்பு வயர், சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து பியூஸ் வழியாக வர வேண்டும். இரண்டு மீட்டருக்கும் அதே ஒரு பியூஸ் போதும். ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்காதீர்கள்; அந்த வயரில் ஏசி கரண்ட் வரும் வண்டிகள் இருக்கின்றன, அது மீட்டரைக் கெடுத்துவிடும்.

சிக்னலுக்கான மஞ்சள் வயர்தான் கவனம் கேட்கும் இடம். அது இக்னிஷன் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் வயரில் சேர வேண்டும். பாயிண்ட் பெட்டியிலிருந்து அந்த வயரைப் பின்தொடர்ந்து காயிலுக்குப் போங்கள். சரியான வயர்தானா என்று உறுதி செய்ய, பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து, சாவி போட்டு, மல்டிமீட்டரை அந்த முனையில் வைத்து கிக்கரை மெல்ல இறக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது கிட்டத்தட்ட 0, திறக்கும்போது 12 வோல்ட் அளவு காட்டினால் அதுதான். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே இருந்தால் காயில் சூடாகிக் கருகும்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இந்த வயரில், காயில் பக்கத்து முனையிலேயே போடுங்கள். ஸ்பார்க் விழும் நேரத்தில் அந்த முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். ரெசிஸ்டர் மீட்டரைக் காக்கும். அதைவிட முக்கியம், என்றாவது மஞ்சள் வயர் தேய்ந்து பிரேமில் பட்டால், ரெசிஸ்டர் இல்லாத வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் பாயிண்ட் எப்போதும் மூடியிருப்பதற்குச் சமம் அது. ரெசிஸ்டர் இருந்தால் மீட்டர் மட்டும் நிற்கும், வண்டி ஓடும். 10 கிலோ ஓமில் முள் அசையவே இல்லை என்றால் 4.7 கிலோ ஓமுக்கு இறங்கலாம். ஆர்எக்ஸ் 100 போன்ற சிடிஐ (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) வண்டிகளில் காயிலில் நேராகத் தொடாதீர்கள். மீட்டர் அனுமதித்தால் சிக்னல் வயரை பிளக் வயரின் மேல் நான்கைந்து சுற்று சுற்றினால் போதும்.

இணைப்புகளை கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் முறுக்கி டேப் சுற்றியது மழைக்கும் அதிர்வுக்கும் நிற்காது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயருக்குத் தாராளமாகத் தளர்வு விடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

சூடான இன்ஜின் ஐடிலில் 1,000 சுற்றுக்கு அருகில் ஓட வேண்டும். டப் டப் சத்தம் சரியாகக் கேட்டும் மீட்டர் 500 காட்டினால் 1 பல்ஸ் அமைப்பில் இருக்கிறது, 0.5-க்கு மாற்றுங்கள். முள் காரணமில்லாமல் 3,000-க்குத் தாவி விழுந்தால் அது பிளக்கிலிருந்து வரும் இரைச்சல். 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டு, மஞ்சள் வயரை பிளக் வயரிலிருந்து தள்ளி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்றால், பாயிண்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்ட்டில் நீல நிறத்தில் பெரிய பொறி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

வோல்ட் மீட்டரில், இன்ஜின் அணைந்திருக்க முழு சார்ஜ் பேட்டரி 12.6 அளவில் நிற்கும். சாலையில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஐடிலில் ஹெட்லைட் போட்டால் இறங்குவது இந்த வண்டிக்கு இயல்பு. ஓடும்போதும் ஏறவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பேட்டரி கொதித்து வற்றும் முன் மாற்றுங்கள். ஆனால் ரெகுலேட்டர் வாங்கப் போகும் முன் பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்து ஒப்பிடுங்கள். பழைய சாவி சுவிட்சின் உள்ளே கரி பிடித்திருந்தால் மீட்டர் அரை வோல்ட் குறைத்தே காட்டும். அப்போது சரிசெய்ய வேண்டியது சுவிட்ச்.

முதல் 100 கி.மீ. ஓடியதும் கிளாம்ப் நட்டுகளை ஒருமுறை முடுக்கி, ஹேண்டிலுக்குக் கீழே வயர் எங்காவது தேய்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.