கம்ஃப்ரி வேர் நடுமுன் ஒரு நிமிடம்

இங்கிலாந்தில் அலாட்மெண்ட் (தோட்டம் போட வாடகைக்குக் கிடைக்கும் சிறு நிலம்) எடுத்துத் தோட்டம் போட்டால், பக்கத்து நிலத்துக்காரர் முதலில் கொண்டுவந்து நீட்டுவது பெரும்பாலும் கம்ஃப்ரி வேராகத்தான் இருக்கும்; இலையை உரமாக்குவதற்காகத் தோட்டக்காரர்கள் வளர்க்கும் செடி இது. சேறு அப்பிய கறுப்புத் துண்டு, உள்ளே வெள்ளை. "எங்கே வேண்டுமானாலும் நடு, வந்துவிடும்" என்பார். வந்துவிடும் என்பது சத்தியம். வம்பெல்லாம் அந்த "எங்கே வேண்டுமானாலும்" என்பதில்தான்.

நான் பாத்தியின் நடுவிலேயே நட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்த இடத்தில் அவரை போட ஆசை வந்தது. முள்கரண்டியால் குத்திப் பிடுங்கி, சுத்தமாக எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு செடி இருந்த இடத்தில் ஏழு. ரத்தபீஜன் கதைதான்: ஒடிந்து மண்ணில் தங்கிய ஒவ்வொரு துண்டும் தனிச் செடியானது. இதன் வேர் 1.5 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. அடிவரை தோண்டி எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. கம்ஃப்ரி இருக்கும் நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் நீங்களே நாற்று விட்ட மாதிரி. ஆகவே இடத்தை ஒரே முறை, யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உரக்குழிக்குப் பக்கத்து மூலை நல்லது. செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. விடுங்கள். முதலில் வெறிச்சென்று தெரியும், பிறகு இலைகள் மூடிக்கொள்ளும்.

வேர் யாரிடம் வாங்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண கம்ஃப்ரி விதை உதிர்த்துத் தோட்டம் முழுக்கப் பரவும். தோட்டக்காரர்கள் தேடுவது 'பாக்கிங் 14' என்ற ரகம். இது ரஷ்யக் கம்ஃப்ரி எனப்படும் கலப்பினத்தைச் சேர்ந்தது, முளைக்கும் விதை தராது. அந்தக் கலப்பினத்தை 1870களில் ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்துக்கு வரவழைத்தவர் ஹென்றி டபுள்டே. அவர் தேடியது உரத்தையே அல்ல, தபால்தலைக்கான பசையை! பசை கைகூடவில்லை, செடி தங்கிவிட்டது. பிறகு 1950களில் லாரன்ஸ் ஹில்ஸ் என்ற இயற்கைத் தோட்டக்காரர் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பாக்கிங் கிராமத்தில் பல வகைகளை வளர்த்துப் பார்த்து, எண் போட்டுப் பிரித்தார். அதில் பதினான்காவதுதான் இது. விதையாகப் பொட்டலத்தில் விற்றால் அது பாக்கிங் 14 ஆக இருக்க முடியாது.

சரி, வேர்த்துண்டுக்கு வருவோம். நூல் போன்ற வேரை நட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். பென்சில் தடிமனாவது இருக்கட்டும், நீளம் 5 முதல் 10 செ.மீ. முருங்கைப் போத்து மாதிரி இதற்கும் மேல், கீழ் உண்டு. எது தலை என்று குழம்பினால் படுக்கைவாட்டில், சுமார் 5 செ.மீ. ஆழத்தில் புதைத்துவிடுங்கள், அது வழியைத் தேடிக்கொள்ளும். கடும் குளிர்காலத்தைத் தவிர எப்போதும் நடலாம், வசந்தகாலம் உத்தமம். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் சிறு துண்டுகள் அழுகும்; அப்படிப்பட்ட நிலமென்றால் முதலில் தொட்டியில் வளர்த்துப் பிறகு மாற்றலாம். துளிர் தெரியச் சில வாரங்கள் ஆகும். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

அறுவடையில் ஆசைதான் எதிரி. முதல் வருடம் இலையில் கை வைக்காமல், பூத்தண்டு வந்தால் அதை மட்டும் வெட்டி, வேர் ஊன்றவிட வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து செடி முழங்காலுக்கு மேல் வந்ததும் தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுக்கலாம், வருடத்துக்கு நான்கு அறுப்பு வரை தாங்கும். செப்டம்பரோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் விடும் இலைதான் குளிர்கால உறக்கத்துக்கு வேரில் சேமிப்பைப் போடுகிறது. இலைச் சுணை தோலில் அரிக்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டே இருந்துவிட்டுச் செடிக்கு ஒன்றும் போடாமல் விடுவதும் தவறு. இதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) பசி அதிகம்; கோழி எருவைக்கூட ஜீரணித்துவிடும்.

அறுத்த இலையை அப்படியே தக்காளிக்கு மூடாக்காகப் போடலாம். ஒருநாள் வாடவிட்டுப் போடுங்கள். தடித்த பூத்தண்டு பச்சையாகக் கிடந்தால் அதுவே வேர்பிடிக்கும், கதை முதலிலிருந்து தொடங்கும்.

தின்பதற்கு வேண்டாம். ஒடிந்த எலும்பைக் கூட்டும் மூலிகை என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கிய செடி என்பதால், கீரை மாதிரி கடைந்துவிடலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. இதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப்பொருட்கள் கல்லீரலைக் கெடுப்பவை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கம்ஃப்ரி கலந்த உட்கொள்ளும் துணைப்பொருட்களைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது 2001இல். டீயும் வேண்டாம், திறந்த புண்ணில் பத்துப் போடவும் வேண்டாம். இதே சாயலுள்ள நச்சுச் செடியான டிஜிடாலிஸின் இளம் இலையைக் கம்ஃப்ரி என்று நினைத்துக் காய்ச்சிக் குடித்து இதயம் தடுமாறி மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு.

கடைசியாகத் திரவ உரம். தண்ணீரில் ஊறவைத்தால் நாற்றம் தெருவைத் தாண்டும். அடியில் துளை போட்ட ஒரு வாளியில் இலையை மட்டும் அமுக்கி, மேலே செங்கல் வைத்து, மூடிவையுங்கள். சில வாரத்தில் கறுப்புச் சாறு சொட்டும், நாற்றமும் குறைவு. ஒரு பங்கு சாற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு தண்ணீர் கலந்து, காய் பிடிக்கத் தொடங்கிய தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம். சாம்பல்சத்துதான் (பொட்டாசியம்) இதில் தூக்கல், அதனால் சின்ன நாற்றுகளுக்கு இது ஏற்றதல்ல. கலக்காமல் ஊற்றிய என் இரண்டு மிளகாய்ச் செடிகள் கருகிப்போயின.