மொரிசியஸில் சைக்கிள்: காற்றைப் பார்த்துப் பாதை எடுங்கள்

பாரிஸ், லண்டன், மெல்பர்ன் என்று போய்க் குடியேறிய நம் மொரிசியஸ் பிள்ளைகள் பலர், ஊருக்கு வரும்போது ரோடு சைக்கிளையும் கூடவே கொண்டுவருகிறார்கள். வந்து இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாமா? சுற்றலாம். 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம் உள்ள தீவுதானே, நல்ல பயிற்சி உள்ளவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஓர் இடத்தில் எதிர்காற்று வந்து மாட்டும். போர்ட் லூயிஸ் நெரிசலையும் கடந்தாக வேண்டும். சுற்றி முடித்தோம் என்ற திருப்தி கிடைக்கும், ஆனால் ஓட்டிய இன்பம் பாதிதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரு வழிப் பயணமாகப் போங்கள் என்பேன்.

இங்கே காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்துதான் அடிக்கும். மே முதல் அக்டோபர் வரை அதன் வேகமே தனி. ஆகவே தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள மாயேபூரிலிருந்து கிளம்பினால், வடக்கே போனாலும் மேற்கே போனாலும் காற்று உங்கள் பக்கம்தான். பிளேசான்ஸ் விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று இரவு அங்கே தங்கிக்கொண்டு, சாயங்காலம் போய்ச் சேரும் ஊருக்கு மாமாவையோ சித்தப்பாவையோ வேனோடு வரச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

முதலில் தெற்குக் கரை. மாயேபூரிலிருந்து சூயாக் வரை சாலை கடலை விட்டு விலகி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும். அந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை, காலையிலேயே கடந்துவிடுங்கள். சூயாக்கில் க்ரி க்ரி கடற்கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். தீவைச் சுற்றி இருக்கும் பவளப்பாறை அரண் அங்கே இல்லை, அதனால் அலை நேராகப் பாறையில் வந்து மோதும். குளிக்க இறங்காதீர்கள்.

சூயாக் தாண்டியதும்தான் உண்மையான விருந்து. பெல் ஓம்ப்ர், பே து காப் வழியாக லெ மோர்ன் வரை போகும் பி9 சாலை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், மேற்கே போகும்போது கடல் உங்கள் கைப்பக்கத்திலேயே வரும். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எதிர் வாகனம் கிடையாது, முதுகில் காற்று தள்ளும். திசையை மாற்றிப் போனால் இந்த மூன்றுமே போய்விடும். பே து காப் அருகே மக்கொந்தே வளைவு வரும். பாறையைக் குடைந்து கடல் மட்டத்திலேயே போட்ட சாலை அது, கூர்மையான திருப்பம். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் குறைவு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பலத்த அலை உள்ள நாட்களில் சாலை ஈரமாக இருக்கும், மணலும் படிந்திருக்கும். மேலே ஏறப் படி உண்டு, சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறிப் பாருங்கள். அப்புறம் 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன் மலை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வரும். தப்பி வந்த அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை, 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மாயேபூரிலிருந்து இதுவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

கிழக்குக் கரை இதைவிட நீளம். மாயேபூரிலிருந்து வடமுனையான காப் மலேரே வரை 80, 90 கிலோமீட்டர் வரும். தொடக்கத்தில் பி28 சாலை, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் அலையில்லாத கடல். வியே கிராண்ட் போரில் கொஞ்சம் நில்லுங்கள். டச்சுக்காரர்கள் 1598இல் வந்து இறங்கிய கரை இது. 1810இல் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரை வென்றதும் இந்த வளைகுடாவில்தான். பாரிஸில் இருப்பவர்கள் வெற்றி வளைவில் கிராண்ட் போர் என்று பொறித்திருப்பதைப் பார்த்திருக்கலாம், அது நம் ஊர்தான். கிராண்ட் ரிவர் சவுத் ஈஸ்ட் என்ற ஆற்றைத் தாண்டும்வரை காற்று வலப்பக்கமிருந்து தள்ளும், சைக்கிளைக் கெட்டியாகப் பிடியுங்கள். பெல் மார் கடந்து போஸ்ட் லஃபாயெத், ரோஷ் நுவார் பக்கம் கரை வடமேற்காகத் திரும்பியதும் அதே காற்று பின்னால் வந்துவிடும்.

மலை ஏற ஆசை உள்ளவர்களுக்கு தென்மேற்குக் கரையில் உள்ள காஸ் நுவாயாலிலிருந்து சமரேல் கிராமத்துக்குப் போகும் சாலை. கடல் மட்டத்தில் தொடங்கி வளைந்து வளைந்து ஏறும். சமரேலோடு முடிந்தது என்று நினைத்துச் சக்தியை அங்கேயே தீர்த்துவிடாதீர்கள். அதற்கு மேல் ப்ளேன் ஷாம்பாஞ் வரை, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். நாட்டின் உச்சிச் சிகரமே 828 மீட்டர்தான். கீழே வெயில் காயும்போது மேலே தூறல் விழும், சட்டைப்பையில் மெல்லிய மழைக்கோட்டு இருக்கட்டும். மே, ஜூனில் சாலையோரப் புதர்களில் சீனக் கொய்யா பழுத்திருக்கும். அங்கிருந்து புனித ஏரியான கிராண்ட் பசான் போய்க் கும்பிட்டுவிட்டு, புவா ஷெரி தேயிலைத் தோட்டம் வழியாக இறங்கலாம்.

பண்டிகைக்கு வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தைப்பூசக் காவடி நாளில் கோயில் பக்கச் சாலைகள் நடப்பவர்களுக்கு உரியவை. அன்று சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நீங்களும் கூட நடங்கள். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் கிராண்ட் பசான் போகும் சாலை முழுக்க யாத்ரீகர்கள், அந்த வாரம் மலைப்பக்கம் வேண்டாம். இரண்டுமே புயல் பருவத்தில்தான் வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் கடுமை, விடியும்போதே கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை முதல் எண்ணுக்கு வந்தாலே நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மூன்றாம் எண் அறிவித்தால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

குளிர்காலம்தான் ஓட்ட ஏற்றது. ஆனால் ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் வேண்டும். கரும்பு வெட்டும் காலமும் ஏறக்குறைய அப்போதுதான். லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டு மெல்லிய டயருக்கு ஆபத்து, 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். மாற்று ட்யூபும் பம்ப்பும் நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். சாலையோரம் பல இடங்களில் திறந்த சாக்கடை இருக்கும், ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். நெடுஞ்சாலைகளான எம்1, எம்2 பக்கம் போகவே வேண்டாம். வரைபடத்தில் பி என்று தொடங்கும் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள். பிரான்சிலிருந்து வருபவர்கள் முதல் நாள் ரவுண்டானாக்களில் மிகவும் நிதானமாக இருங்கள், இங்கே வலப்பக்கமிருந்து வருபவருக்குத்தான் முதல் வழி.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. காலையில் பருப்பு வைத்த சூடான தோல் பூரி ஒரு ஜோடி, வழியில் இளநீர், வெயில் ஏறியதும் குளிர்ந்த பால் பானமான அலூடா ஒன்று. சில்லறையாக நூறு ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். அதில் இருப்பவர் நம் நாட்டு அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன், கூட வரும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கிளம்பும் முன் போனில் இந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் 114, போலீஸ் 999. மலைப்பாதையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கே வந்து சேர்வீர்கள் என்பதை வேன் கொண்டுவரும் மாமாவிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.