ஈவென்ட் மேடையிலிருந்து நாடக மேற்படிப்புக்கு: எங்கே சறுக்குகிறார்கள்?

கச்சேரி, விருது விழா, கார்ப்பரேட் ஷோ என்று சில வருஷம் லைட்டோ சவுண்டோ ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டோ பார்த்துவிட்டு, "இனி முறையாக நாடகம் படிக்கலாமா?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தாராளமாகப் படிக்கலாம். லைட், சவுண்டை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்து ஷோ ஓட்டியவருக்கு இருக்கும் நிதானம் கல்லூரியிலிருந்து நேராக வருபவரிடம் சுலபத்தில் இருக்காது. ஆனால் விண்ணப்பம் என்று வரும்போது இவர்களில் பலர் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில். முதல் பக்கத்திலேயே நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், கட்டுக்கடங்காத கூட்டம், புகைக்குள் பாயும் மூவிங் ஹெட் (தானே திரும்பிச் சுழலும் விளக்கு) வெளிச்சம், நடுவில் பிரபலப் பாடகர். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அந்தப் படம் பாடகரின் புகழையும் வாடகைக்கு வந்த சாமானின் விலையையும்தான் சொல்கிறது. நீங்கள் அங்கே என்ன முடிவெடுத்தீர்கள் என்பது அதில் எங்கும் இல்லை. தேர்வுக்குழு கேட்கப்போவது அதைத்தான். "டைரக்டர் கேட்டார், போட்டேன்" என்று பதில் சொன்னால் பேச்சு மேலே நகராது.

அறுபது பேர் உட்காரும் சின்ன அரங்கில் செய்த ஒரு நாடகம் இதைவிட அதிகம் பேசும். ஒரு கிழவி மகன் எழுதிய கடிதத்தைப் பிரிக்கிறாள் என்று வையுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு ப்ரொஃபைல் லைட், அதாவது ஓரம் கூர்மையாக வெட்டி விழும் விளக்கு. முதலில் எட்டு விநாடியில் அதன் வெளிச்சத்தை இறக்கினீர்கள். ஒத்திகை பார்த்தவர்களின் கண் கடிதத்தை விட்டு லைட்டுக்குப் போனது. பதினைந்தாக நீட்டியதும் லைட் இறங்கியதே யாருக்கும் தெரியவில்லை. மேடை வரைபடம், எந்தக் கட்டத்தில் எந்த லைட் மாறும் என்று குறித்த கியூ ஷீட்டில் அந்த ஒரு வரி, அந்தத் தருணத்தின் புகைப்படம், ஏன் நேரத்தை மாற்றினீர்கள் என்று நான்கு வாக்கியம்: ஒரு பக்கத்துக்கு இவ்வளவு போதும். பத்து மைதானப் படங்களுக்கு இது ஈடு. தெருக்கூத்துக்கு லைட் போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். விடியவிடிய ஆடும் கூத்தில் எதை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொண்டதும் வடிவமைப்பு அறிவுதான்.

அடுத்தது, எல்லாப் படிப்பையும் 'தியேட்டர் மாஸ்டர்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி தருவது மூன்றாண்டு டிப்ளமோ. பெயரைப் பார்த்துக் குறைவாக எடை போட வேண்டாம். ஆசிரியர் பணிக்கும் பிஎச்.டி. பதிவுக்கும் அது முதுகலைக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துக்கலைத் துறையிலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் கிடைப்பது முதுகலைப் பட்டம். லைட், மேடை நிர்வாகம், தொழில்நுட்பம் என்று ஒரு கிளையை மட்டும் மூன்று வருஷம் ஆழமாகப் படிக்க வேண்டுமானால் அமெரிக்காவின் எம்எஃப்ஏ (நுண்கலை முதுகலைப் பட்டம்) பக்கம் பார்க்கலாம். யேல் நாடகப் பள்ளிக்கு 2021-இல் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் கொடுத்த பிறகு அங்கே படிப்புக் கட்டணமே இல்லை. இளங்கலை முடிக்காதவர்களுக்கும் அங்கே சான்றிதழ் வழி ஒன்று உண்டு. டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் நம்மிடையே குறைவில்லை என்பதால் சொல்கிறேன்.

தேசிய நாடகப் பள்ளிக்குப் போகிறவர்கள் மூன்று விஷயத்தில் ஏமாறுகிறார்கள். அங்கே வயது வரம்பு 30. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. "இன்னும் ரெண்டு சீசன் சம்பாதித்துவிட்டுப் போகலாம்" என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்ததற்கு ஆதாரமும் கேட்கிறார்கள். நூறு கச்சேரிக்கு வேலை பார்த்திருந்தாலும் அது நாடகக் கணக்கில் சேராது. ஆகவே வேலையை விடுவதற்கு முன்பே ஊரில் இருக்கும் நாடகக் குழு ஒன்றில் ஒட்டிக்கொள்ளுங்கள். லைட் தெரிந்த ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை. காசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவதுதான் வேடிக்கை. "நான் லைட் ஆள், எனக்கெதற்கு நடிப்பு?" என்று வெறுங்கையோடு தேர்வுக்குப் போவது. வசனம் பேசி நடித்துக் காட்டுவது அங்கே எல்லோருக்கும் உண்டு. முதல் வருஷப் பாடமும் பொதுதான். நடிப்பு, வடிவமைப்பு–இயக்கம் என்று பிரிவது அதற்குப் பிறகே. இந்தியும் புழங்குகிற அளவுக்குத் தெரிய வேண்டும். ஹெட்செட்டில் கியூ கொடுத்தே பழகிய குரல், ஒரு பாத்திரத்தின் குரலாக மாற மாதக்கணக்கில் ஆகும்.

விண்ணப்பக் கட்டுரையில் பழைய தொழிலைத் திட்டி எழுதுவதையும் விட்டுவிடலாம். "வணிக மேடையில் கலை இல்லை, அதனால் வருகிறேன்" என்ற வரி எத்தனை விண்ணப்பத்தில் வந்திருக்கும்! காலை ட்ரஸ் (லைட் மாட்டும் இரும்புச் சட்டம்) ஏற்றி, மாலை ஷோ ஓட்டி, நள்ளிரவில் லோடு இறக்கியபோது எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்.

கடைசியாக, காகிதம். நம் தொழிலில் பாதி வேலை போன் பேச்சில் முடிந்துவிடும். அனுபவச் சான்றிதழ் யாரும் தருவதில்லை. பிரிட்டனில் ஒரு வருட முதுகலைக்கு அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை கேட்டால் 2,800 மணிநேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகவே கால் ஷீட், பேமென்ட் வந்த வங்கிக் கணக்கு, தேதி போட்ட கியூ ஷீட் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கம்பெனி முதலாளியிடம் கேட்பதைவிட, ஒத்திகையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்த இயக்குநரிடம் கேளுங்கள். கடைசி தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அவரும் ஏதாவது ஒரு நாடகத்துக்கு ஓடிக்கொண்டுதான் இருப்பார்.